ஷிகோனின்

ஷிகோனின் என்பது முராசாகி எனப்படும் மூலிகைச் செடியின் வேர்ப்பட்டையில் காணப்படும் செந்நிறச் சேர்மம் ஆகும். இது நாப்தோகுயினோன் வகையைச் சேர்ந்தது. அழற்சி எதிர்ப்பு, நுண்ணுயிர் எதிர்ப்பு, காயம் ஆற்றுதல் ஆகிய பண்புகளுக்காக அறியப்படுகிறது. தாவர உயிரணு வளர்ப்பின் மூலம் வணிக அளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் துணை வளர்சிதைப்பொருள் என்று இது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

முராசாகிச் செடி

இதன் தாவரவியற் பெயர் லித்தோஸ்பெர்மம் எரித்ரோரைசான். பெயரின் பிற்பகுதி சிவந்த வேர் எனப் பொருள்படும், பூக்களோ வெண்ணிறமானவை. ஜப்பானிய மொழியில் ஊதா நிறத்திற்கே முராசாகி என்றுதான் பெயர். பழங்காலத்தில் அரசவை உடைகளுக்கு இவ்வேரிலிருந்து சாயம் எடுக்கப்பட்டது. அறுவை மருத்துவர் ஹனாவோகா செய்ஷூ (1760–1835) உருவாக்கிய ஷியுன்கோ என்னும் களிம்பில் இவ்வேர், நல்லெண்ணெய், தேன்மெழுகு முதலியன சேர்கின்றன. தீக்காயத்திற்கும் வெடிப்புகளுக்கும் அது இன்றும் பயன்படுகிறது.

வேர் பயன்தரும் அளவு முதிர்வதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அப்போதும் உலர்ந்த வேரில் ஷிகோனின் 1 முதல் 2 விழுக்காடே இருக்கும். வேருக்காகச் செடியையே பிடுங்க வேண்டியிருப்பதால் ஜப்பானில் காட்டு முராசாகி அழியும் நிலையை எட்டியது. சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வேரை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. 1980களில் தூய ஷிகோனினின் விலை கிலோவிற்கு 4,000 அமெரிக்க டாலருக்கும் மேல் இருந்தது.

உயிரணு வளர்ப்பு

கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மமோரு தபாத்தாவும் அவரது குழுவினரும் 1974இல் இச்செடியின் கேலஸ் திசுவில் ஷிகோனின் உருவாவதைக் காட்டினர். கேலஸ் என்பது வேர், தண்டு என வேறுபாடு அடையாத உயிரணுக் கூட்டம். ஒளி, குறிப்பாக நீல ஒளி, பட்டால் ஷிகோனின் உருவாவதில்லை. 2,4-டி என்னும் செயற்கை வளர்ச்சி ஊக்கியும் அதைத் தடுக்கிறது. ஷிகோனின் நிறமுள்ள பொருள் என்பது ஆய்வாளர்களுக்குப் பெரிய வசதி. மிகுதியாகச் சிவந்த உயிரணுத் தொகுதிகளைக் கண்ணால் பார்த்தே தெரிவு செய்ய முடிந்தது.

பெருமளவு உற்பத்தியில் ஒரு முரண்பாடு எழுந்தது. உயிரணுக்கள் வேகமாகப் பெருகுவதற்கு அம்மோனியம் கலந்த ஊட்டக்கரைசல் ஏற்றது. ஆனால் அம்மோனியம் ஷிகோனின் உருவாவதை நிறுத்திவிடுகிறது. மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனத்தில் புஜித்தா குழுவினர் இதனை இரண்டு கலன்களாகப் பிரித்துத் தீர்த்தனர். முதற் கலனில் (200 லிட்டர்) உயிரணுக்கள் சுமார் 9 நாட்கள் பெருக்கப்பட்டன. பின்னர் அவை, அம்மோனியம் நீக்கி நைட்ரேட் மட்டும் கொண்டதும் தாமிர அயனி மிகுந்ததுமான கரைசலுள்ள 750 லிட்டர் கலனுக்கு மாற்றப்பட்டு, சுமார் 14 நாட்கள் வைக்கப்பட்டன. மூன்று வாரத்திற்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், உயிரணுக்களின் உலர் எடையில் 10 விழுக்காட்டிற்கும் மேலாக ஷிகோனின் கிடைத்தது. 1983இல் வணிக உற்பத்தி தொடங்கியது.

எனினும் இதனால் முதலில் பெயர் பெற்றது மருந்தன்று. கானெபோ நிறுவனத்தின் உதட்டுச்சாயமே.

அழற்சி எதிர்ப்புச் செயல்

அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற புரதங்களின் உற்பத்தியையும், அவற்றின் மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி என்னும் புரதத் தொகுதியையும் ஷிகோனின் மட்டுப்படுத்துவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. இவற்றிற் பெரும்பாலானவை உயிரணு வளர்ப்பிலும் விலங்குகளிலும் செய்யப்பட்டவை. அளவு கூடினால் ஷிகோனின் உயிரணுக்களைக் கொல்லவும் செய்யும். எனவே களிம்பாகப் பூசுவதற்குள்ள நெடிய வழக்கத்தைக் கொண்டு, உட்கொள்ளவும் ஏற்றது என முடிவு செய்ய இயலாது.

பிற மூலிகைகளில்

இம்முறை எல்லா மூலிகைகளுக்கும் பொருந்துவதில்லை. பல சேர்மங்கள் வேர், இலை போன்ற முழு உறுப்புகளில் மட்டுமே உருவாகின்றன; வேறுபாடு அடையாத உயிரணுக்களில் அவை மிகக் குறைவாகவே கிடைக்கும். அத்தகைய செடிகளுக்கு, அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்னும் பாக்டீரியாவால் தூண்டப்படும் மயிர்வேர் வளர்ப்பு கையாளப்படுகிறது.

ஷிகோனினின் கண்ணாடிப் பிம்ப மூலக்கூறான அல்கன்னின், அல்கன்னா டிங்க்டோரியா என்னும் செடியின் வேரில் உள்ளது. வட இந்தியாவில் ரத்தன்ஜோத் என விற்கப்படும் வேர்கள் இவ்வினச் செடிகளைச் சேர்ந்தவை. காசுமீரச் சமையலில் ரோகன் ஜோஷ் என்னும் இறைச்சிக் குழம்பிற்குச் செந்நிறம் தருபவை.