கோடியக்கரை போறீங்களா? மே மாதம் வேண்டாம்... மார்கழி, தை தான் சரி!

வேதாரண்யம்:
பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வேன் பிடித்து, பிள்ளை குட்டிகளோடு கோடியக்கரை சரணாலயத்துக்கு கிளம்பி விடுகிறார்கள் பலர். வந்து பார்த்தால் மண்டையை பிளக்கும் வெயில், பாளம் பாளமாக வெடித்த சேறு. 'பறவை எங்கப்பா? மான் எங்கப்பா?' என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்புகிறார்கள். பறவை மேல் தப்பில்லை. வந்த மாதம்தான் தப்பு.

நாகை மாவட்டத்தின் தென்கோடியில் நிலம் கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் இடம்தான் கோடியக்கரை. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பாக் ஜலசந்தி. நடுவில் காடு, புல்வெளி, உப்புச் சேறு. வெளிமான்களை காப்பாற்றுவதற்காக 1967-ல் இது சரணாலயம் ஆக்கப்பட்டது. தலைஞாயிறு காப்புக்காடு, வேதாரண்யம் சதுப்பு நிலம் எல்லாம் சேர்த்து 38 ஆயிரத்து 500 ஹெக்டேர் பரப்பு 2002-ல் 'ராம்சார்' பட்டியலில் ஏறியது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது.

பூநாரை சீசன்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பு நிலம் நிரம்பியதும் வெளியூர் பறவைகள் இறங்க ஆரம்பிக்கும். அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை சீசன். உச்சம் டிசம்பர், ஜனவரி. உள்ளான் வகையில் பல பறவைகள் சைபீரியா பக்கமிருந்து வருகின்றன. ஆனால் கூட்டம் வருவது பூநாரைக்காகத்தான். குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வரும் இந்த பறவை தலையை தலைகீழாக கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை சல்லடை போல் அரித்து தின்னும். பறக்கும்போது இறக்கைக்குள் இருக்கும் சிவப்பு பளிச்சென்று தெரியும்.

ஒரு விஷயம். பூநாரை பக்கத்தில் வந்து போஸ் கொடுக்காது. தூரத்தில் வெள்ளைக்கோடு போட்ட மாதிரி நிற்கும். கையில் பைனாகுலர் இல்லாவிட்டால் பாதி ஆசைதான் நிறைவேறும். சேறு பார்க்க கெட்டியாக இருக்கிறதே என்று இறங்கி நடப்பதும் கூடாது. முழங்கால் வரை உள்ளே இழுத்துவிடும்.

மான் பாடு திண்டாட்டம்

வெளிமானில் கிடாவுக்கு முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிவிட்ட கொம்பு. பெட்டைக்கு பழுப்பு நிறம், கொம்பு கிடையாது. காலை வெயில் ஏறுவதற்குள்ளும், மாலை வெயில் சாய்ந்த பிறகும் புல்வெளியில் மேயும். உச்சி வேளையில் போனால் மரம்தான் தெரியும்.

இதற்கு வேண்டியது திறந்த வெளி. எதிரி வருவதை தூரத்திலேயே பார்த்து ஓடுவதுதான் அதன் பலம். அந்த வெளியைத்தான் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், பசிக்கு அந்த நெற்றை மானும் தின்கிறது. சாணத்தோடு விழும் விதை முளைத்து புதராகிறது. புதர் வந்தால் நரி ஒளிய இடம், குட்டிக்கு ஆபத்து. தன் வாய்க்கு வந்ததே தனக்கு எமன்! வனத்துறை வெட்டிப் பார்க்கிறது, மறுபடி தழைக்கிறது. போதாக்குறைக்கு காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும் அதே புல்லுக்கு போட்டி.

சுற்றிலும் கடல் இருந்தும் குடிக்க தண்ணீர் கஷ்டம். கோடையில் வனத்துறை தொட்டிகளில் ஊற்றும் தண்ணீர்தான் பல விலங்குகளுக்கு கதி.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்த பக்கம்தான் கரை ஏறியது. பழைய மரங்கள் வேரோடு சாய்ந்தன. செத்த மான்கள் கடற்கரையில் ஒதுங்கின. பல வருஷமாக நின்ற பாலை மரங்கள் மறுபடி அந்த உயரம் வர ஒரு தலைமுறை ஆகும்.

அமாவாசை கூட்டம்

ஆடி, தை அமாவாசைக்கு இங்குள்ள ஆதிசேது கடலில் நீராட ஆயிரக்கணக்கில் ஜனம் வரும். ஆடியில் வெளியூர் பறவை இருக்காது, தொந்தரவு குறைவு. தை அமாவாசை சரியாக பூநாரை சீசனில் விழுகிறது. ஹாரன், மைக் செட், பிளாஸ்டிக் பை எல்லாம் காட்டு வழியாகத்தான் போயாக வேண்டும். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை, பையை திரும்ப எடுத்துப் போகலாமே. சாப்பாட்டு வாசனை பட்ட பிளாஸ்டிக்கை மான் தின்றால் வயிறு அடைத்து சாகும். குரங்குக்கு பிஸ்கட் போடுவதும் வேண்டாம், அடுத்து வருபவரின் பையை அது பிடுங்கும்.

வெளிமான் சட்டப்படி முதல் அட்டவணை விலங்கு. வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில்.

எப்படி போவது?

வேதாரண்யத்திலிருந்து தெற்கே பஸ்சில் அரை மணி நேர தூரம்தான். திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி அகல ரயில் பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ரயிலில் வருபவர்கள் 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய இடத்தின் நினைவுத் தூணையும் அங்கேயே பார்க்கலாம். சரணாலயத்துக்குள் கட்டணம் கட்டி ரசீது வாங்கித்தான் போக வேண்டும். தங்க நினைப்பவர்கள் நாகை வன உயிரின காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நேரில் வந்து நின்றால் இடம் கிடைப்பது சந்தேகம். சாப்பாடு, தண்ணீரை வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே ராமர் பாதம் என்ற மணல்மேடு உண்டு. உயரம் 4 மீட்டர்தான், ஆனால் இந்த தட்டை பூமியில் அதுவே மலை. 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு பூங்குழலியின் கலங்கரை விளக்கத்தை தேடி வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட அந்த செங்கல் கட்டிடத்தின் மிச்சமும் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. சுந்தரர் பாடிய குழகர் கோவில் இருக்கிறது.

சில பறவைகளின் காலில் சின்ன வளையம் தெரியும். அது எங்கே போய் வருகிறது என்று கண்டுபிடிக்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் போட்டது. வளையத்தோடு செத்த பறவை கண்ணில் பட்டால், அதிலுள்ள எண்ணை குறித்து வனத்துறை ஊழியரிடம் கொடுக்கலாம்.