முயிரிக்கோட்டுச் செப்பேடும் முகவரிப் பட்டியலும்

மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடத்தில் காக்கப்பட்டுவரும் செப்பேட்டை எழுத்தியல் மாணவர்கள் வட்டெழுத்துக்காகப் படிப்பர். மொழி மாணவர்கள், மலைநாட்டுத் தமிழ் தனிமொழியாகப் பிரியத் தொடங்கிய நிலையைக் காணப் படிப்பர். தொலைவிலிருப்பவருக்கு அனுமதி வழங்கும் முறையின் வரலாற்றுக்காக அதனைப் படிப்போர் அரியர். சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபொழுது, இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு அளித்த உரிமைகளை அது பதிவு செய்கிறது. கி.பி. 379ஐச் சேர்ந்தது என்பது சமூக மரபு, எம்.ஜி.எஸ். நாராயணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதனைக் கி.பி. 1000 அளவில் வைப்பர்.

வழங்கப்பட்டவை இரு வகைப்படும். பல்லக்கு, குடை, பகல்விளக்கு, நடைபாவாடை, முரசு, தோரணம் போன்றவை காண்போர் கண்ணுக்குரிய சிறப்புகள். அஞ்சுவண்ணம் என்ற வணிக அமைப்பின் மீதான உரிமையும், உல்கு, துலாக்கூலி ஆகியவற்றிலிருந்து விலக்கும் பொருளியல் சார்ந்தவை. மொத்தம் எழுபத்திரண்டு. மக்கள், மருமக்கள் வழியாக நிலவும் உலகும் உள்ளவரை அவை தொடரும் என்று சாசனம் கூறுகிறது. காலவரையறையோ, திரும்பப் பெறும் விதியோ அதில் இல்லை.

இந்த ஆவணத்தின் உயிர்நாடி அதன் இறுதிப் பகுதியில் உள்ளது. வேணாடு, வெண்பொலிநாடு, ஏறாளநாடு, வள்ளுவநாடு, நெடும்புறையூர்நாடு ஆகியவற்றின் ஆட்சியாளர்கள் சாட்சிகளாக நிற்கின்றனர். படைநாயகர் ஒருவரும் உடன் நிற்கிறார். மன்னனின் சொல் போதாதா என்ற கேள்வி எழலாம். போதாது என்பதே சரியான விடை. சரக்கு செல்லும் வழியில் சுங்கம் கேட்கக்கூடியவர் அந்தந்த நாட்டு ஆட்சியாளரேயன்றி முயிரிக்கோட்டு அரசர் அல்லர். கேட்காமல் விடவேண்டியவரும் அவரே. அவர் ஒப்பாவிடில் செப்பேடு வெறும் உலோகம். கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடு இதற்கு இன்னும் தெளிவான சான்று. அங்கே சாட்சிகள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டுள்ளனர். கடல்கடந்து வந்த வணிகரும் அந்த அனுமதியை அறிந்திருக்க வேண்டியிருந்தது.

இதே சிக்கல் கணினி வலையமைப்புகளில் மீண்டும் தோன்றியது. 1970களில் அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையில் இருந்த கணினிகள் அனைத்தின் பெயரும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதனைப் பராமரித்தது. புதிய கணினிக்குப் பெயர் வேண்டுவோர் அக்குழுவுக்கு விண்ணப்பிப்பர். பிற கணினிகள் அவ்வப்போது அந்தக் கோப்பைப் படியெடுத்துக்கொள்ளும். எண் முகவரிகளைப் பங்கிட்டு எழுதிவைத்தவர் ஜான் போஸ்டல். வலை பெருகியபோது ஒற்றைக் கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டொமைன் பெயர் முறை, பட்டியலை வைத்திருக்கும் அதிகாரத்தையே பிரித்தளித்தது. மூலப் பட்டியலில் ஒரு நாட்டின் குறியீட்டுக்கு எதிரே அந்நாட்டு சர்வரின் பெயர் எழுதப்படும். அக்குறியீட்டின்கீழ் வரும் பெயர்களை இனி அந்த சர்வரை நடத்துவோரே முடிவு செய்வர். மேலே இருப்பவர் ஒரு வரியை மட்டும் எழுதுகிறார். எஞ்சியது முழுவதும் தொலைவில் இருப்பவர் பொறுப்பு.

அந்த ஒரு வரிக்கு வலிமை எங்கிருந்து வருகிறது? 1998 சனவரி 28 அன்று அதற்கு விடை கிடைத்தது. அப்போது உலகில் பன்னிரண்டு அமைப்புகள் மூல சர்வர்களை நடத்தின. பட்டியலின் முதற்படி வர்ஜீனியாவில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. போஸ்டல் எட்டு அமைப்புகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: இனிப் பட்டியலை அங்கிருந்து எடுக்காமல் தம் சர்வரிலிருந்து எடுக்கும்படி கேட்டார். எட்டும் இணங்கின. அமெரிக்க அரசு தலையிட்டது. சில நாட்களில் அவர் பழைய நிலைக்குத் திருப்பினார். சோதனைக்காகச் செய்ததாகக் கூறப்பட்டது. பயனர் எவரும் மாற்றத்தை உணரவில்லை, பட்டியல் அதேதான். ஆயினும் வாஷிங்டனில் ஏற்பட்ட கலக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஒப்பந்தம் அரசிடம் இருந்தது. ஒப்புதல் எட்டு நாட்டு ஆட்சியாளர்களைப் போன்ற எட்டு நிர்வாகிகளிடம் இருந்தது. அவ்வாண்டிலேயே ஐகான் அமைப்பு உருவாயிற்று. அடுத்த மாதமே, அக்டோபரில், போஸ்டல் மறைந்தார். அமெரிக்க அரசின் மேற்பார்வை 2016 அக்டோபர் 1 அன்றுதான் விலகியது.

இந்தியக் குறியீடான .இன் 1989 மே மாதம் பதிவாயிற்று. மும்பையிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் அதனை நடத்தியது. விதிகள் இறுக்கமாக இருந்ததால் பெயர்கள் சில ஆயிரம் என்ற அளவிலேயே நின்றன. 2005 சனவரியில் நிக்சி அமைப்பின்கீழ் பதிவு தாராளமாக்கப்பட்ட பின்னரே பெருகின. எண் முகவரிகளின் கதை வேறு. ஸீ-மீ-வீ 3, சேஃப் என்னும் கடலடிக் கம்பிவடங்கள் நூற்றாண்டின் திருப்பத்தில் கொச்சியில் கரையேறின. கம்பி கொச்சிக்கு வந்தது. அதில் செல்லும் தரவுக்கான முகவரியை இந்திய நிறுவனங்கள் ஆசிய–பசிபிக் பதிவகத்திடமே பெறவேண்டியிருந்தது. அது முதலில் டோக்கியோவிலும் பின்னர் பிரிஸ்பேனிலும் இயங்கியது. இந்தியாவுக்கென ஐரின் பதிவகம் தொடங்கியது 2012இல். பழைய வகை முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. பந்தி முடிந்தபின் இலை போட்டது போலாயிற்று.

அனுமதி யாருடைய சொத்து என்பதில்தான் இரு ஆவண மரபுகளும் பிரிகின்றன. 1994இல் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 1591, குறியீட்டைப் பெற்றவருக்கு உரிமையோ உடைமையோ பேசுவது பொருந்தாது, சமூகத்துக்கான பொறுப்பையும் சேவையையும் பற்றியே பேசவேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. முயிரிக்கோட்டுச் சாசனத்துக்கு நேரெதிரான கொள்கை இது. ஆனால் அவர் கையாலேயே தொடக்க ஆண்டுகளில் ஒப்பந்தமின்றிப் பகிரப்பட்ட எண் தொகுதிகள் காலப்போக்கில் பரம்பரைச் சொத்தாயின. மாசச்சூசட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இவ்வாறு பெற்ற ஏறத்தாழ 1.67 கோடி முகவரிகளில் பாதியளவை 2017இல் விற்கத் தொடங்கியது. சேவைக்கெனக் கொடுத்தது சந்தைக்கு வந்தது.

மட்டாஞ்சேரியிலும் ஆவணம் யார் கையில் என்பதே வழக்காயிற்று. தொழுகைக்கூடத்தை 1568இல் கட்டிய பரதேசிகள் பெரும்பாலும் பதினாறாம் நூற்றாண்டில் ஐபீரியாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தவர்கள். செப்பேடு அவர்களிடம் இருந்தது. இசுப்பு இரப்பானின் வழித்தோன்றல் என்ற பெருமையும் அதனோடு சேர்ந்தது. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு வாழ்ந்த மலபார் யூதர்கள், சாசனம் தங்கள் முன்னோருக்கு அளிக்கப்பட்டதென நெடுங்காலம் வாதிட்டனர். பரதேசிகளின் கூடத்துக்குள்ளேயே, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் எனப்பட்டோர் இருக்கையில் அமர அனுமதி பெறவில்லை. அக்குடும்பங்களில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சத்தியாகிரக வழியில் இத்தடைகளை எதிர்த்தார். எழுபத்திரண்டு உரிமைகளைக் காத்துவைத்த கூடத்தில் ஓர் இருக்கைக்காக அவர் போராட வேண்டியிருந்தது.

1950களில் மலபார் யூதர்களில் பெரும்பகுதியினர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். 2017 சூலையில் இந்தியத் தலைமை அமைச்சர் இச்செப்பேட்டின் படியை இசுரேல் தலைமை அமைச்சருக்குப் பரிசாக அளித்தார். உரிமை கோரியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் நாட்டிற்கு இப்போது ஒரு படி சென்றுள்ளது. மூலம் மட்டாஞ்சேரிக்கு உரியதாகவே உள்ளது.