எழுத்தை எண்ணியவர்கள்

கவிதையை ரசிப்பவர் உண்டு. மனனம் செய்பவர் உண்டு. அதை எழுத்தெழுத்தாக எண்ணிக்கொண்டிருந்த ஒருவரும் இருந்தார். இன்று எங்கும் பேசப்படும் செயற்கை நுண்ணறிவின் வரலாற்றில் அவருக்கு முக்கிய இடமுண்டு.

எழுத்தை எண்ணும் வித்தை பழையது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்-கிந்தி, இரகசியக் கடிதங்களின் மறைபொருளை வெளிக்கொணரும் வழியை விளக்கி ஒரு நூல் எழுதினார். ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வருகிறதென முதலில் எண்ண வேண்டும். பிறகு கடிதத்தில் எந்தக் குறி அதிகம் வருகிறதென எண்ண வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் பூட்டுத் திறந்துவிடும். நெடுங்காலம் மறைந்திருந்த அந்நூலின் கையெழுத்துப் பிரதி, இஸ்தான்பூல் ஸுலைமானிய்யா நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1987இல் அச்சேறியது.

ஓர் எழுத்து தனக்கு அடுத்துவரும் எழுத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது என்று அளந்தவர் ரஷ்யக் கணிதமேதை அந்திரே மார்க்கோவ். இதற்குப் பின்னால் ஒரு சச்சரவு இருந்தது. நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் அவற்றின் சராசரி நிலைபெறும். குற்றம், திருமணம் போன்றவற்றின் சராசரி நிலையாக இருப்பதால் மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டு என்பது நெக்ராசோவ் என்ற கணிதப் பேராசிரியரின் வாதம். சங்கிலிக் கண்ணிகள்போல ஒன்றையொன்று சார்ந்த நிகழ்வுகளிலும் சராசரி நிலைபெறும் என 1906இல் மார்க்கோவ் நிறுவினார்.

1913இல் அதற்கு உதாரணமாக அவர் எடுத்துக்கொண்டது புஷ்கினின் 'யெவ்கேனி அனேகின்' காவியம். அதில் 20,000 எழுத்துகளைக் கையால் எண்ணினார். உயிரெழுத்துகள் 8,638, மெய்யெழுத்துகள் 11,362. உயிருக்குப் பின் மீண்டும் உயிர் வருவது நூற்றுக்குச் சுமார் 13 தடவை. மெய்க்குப் பின் உயிர் வருவது சுமார் 66 தடவை. புஷ்கினின் கவித்துவம் இந்த இலக்கங்களில் இல்லை. ஆனால் மொழியின் நடை அவற்றில் பிடிபட்டது.

1948இல் அமெரிக்கரான குளோட் ஷனன் இதே வழியைச் சொற்களுக்கும் கொண்டுசென்றார். ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்ற கணக்கை மட்டும் வைத்து அவர் ஆக்கிய வாக்கியங்கள் அரைகுறையாக ஆங்கிலம் பேசின. 2022இல் வெளிவந்த சட்ஜிபிடி போன்றவற்றின் அடிப்படைப் பயிற்சியும் அடுத்த சொல்லை ஊகிப்பதுதான். மார்க்கோவ் பார்த்தது முன்னுள்ள ஓரிரு எழுத்துகளை. இவை பார்ப்பதோ முன்னுள்ள ஆயிரக்கணக்கான சொற்களை. ஊகிக்கும் முறையும் வெறும் எண்ணிக்கையைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டது.

எழுதுகிற நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. இயந்திரம் கவிஞனின் இடத்தைப் பிடித்துவிடுமா என்று பலர் அஞ்சுகிறார்கள். எனது அச்சம் வேறு. தன்முன் வைக்கப்பட்ட எழுத்திலிருந்தே இயந்திரம் மொழியைக் கற்கிறது. நம் வீட்டு அலுமாரிகளில் செல்லரிக்கும் அறபுத் தமிழ்க் கிதாபுகளும், மறுபதிப்புக் காணாத கவிதை நூல்களும் அதன் முன் இன்னும் வைக்கப்படவில்லை. அல்-கிந்தியின் ஏடு நூலகமொன்றில் காத்திருந்தது. நமது ஏடுகளைக் கறையான் காத்திருக்க விடுமா?