ராஜபாளையத்துப் பிரதமரும் லண்டன் மன்னரும்

எங்கள் ராஜபாளையத்து பி. எஸ். குமாரசாமி ராஜா 1949 ஏப்ரல் 6 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமரானார். மாகாணத் தலைமை அமைச்சருக்கு அப்போது அதுதான் பெயர். அவர் பதவியேற்ற அதே மாதக் கடைசியில், லண்டனில் எட்டு நாடுகள் கூடி உலகத்துக்கே புதிதான ஒரு பதவியை உண்டாக்கின: காமன்வெல்த்தின் தலைவர்.

அந்தப் பதவிக்குக் காரணமே நாம்தான். குடியரசாகப் போகிற இந்தியா ஒரு மன்னருக்கு விசுவாசம் சொல்ல முடியாது. கூட்டமைப்பை விட்டுப் போகவும் நேருவுக்கு மனமில்லை. பர்மா முன்பே விலகிக்கொண்டது. அயர்லாந்து அந்த ஏப்ரலில்தான் வெளியேறியிருந்தது. கடைசியில் ஒரு வழி பிறந்தது. ஆறாம் ஜார்ஜ் இனி இந்தியாவுக்கு மன்னர் இல்லை. சுதந்திர நாடுகள் விரும்பிச் சேர்ந்திருப்பதற்கு அடையாளம் மட்டுமே. ஆணையிட அவருக்கு அதிகாரம் கிடையாது. ஒரு மன்னரை இப்படி வெறும் அடையாளமாக்கி, உறவையும் முறிக்காமல் காத்தது நம் தலைவர்களின் பெரிய சாதனை என்றே நான் கருதுகிறேன்.

இந்தியா குடியரசான 1950 ஜனவரி 26 அன்று இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அன்றே ராஜாவின் பதவிப் பெயரும் மாறியது. மன்னர் பெயரால் ஆண்ட காலத்தின் கடைசிப் பிரதமரும் குடியரசின் முதல் முதலமைச்சரும் சென்னைக்கு ஒருவரே, அவர் எங்கள் ஊர்க்காரர்.

பிறகு 1952 பொதுத்தேர்தல். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக்காளைச் சின்னம். ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்ற முதலமைச்சர் தோற்றார். பக்தவத்சலம் உள்ளிட்ட அமைச்சர்கள் சிலரும் தோற்றார்கள். இதைச் சொல்ல எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் தயங்குவார்கள், எனக்குத் தயக்கமில்லை. அதிகாரம் உள்ள பதவியைக் கொடுக்கவும் பறிக்கவும் பக்கத்து ஊர்ச் சம்சாரிக்கும் நெசவாளிக்கும் உரிமை வந்ததை அந்தத் தோல்விதான் ஊரறியச் சொன்னது.

அதே ஆண்டு பிப்ரவரி 6 அன்று ஆறாம் ஜார்ஜ் காலமானார். இங்கே ராஜா ஏப்ரலில் பதவி விலகினார். 1949இல் வந்த பதவி ஏறக்குறைய மூன்றே ஆண்டுகள், இருவருக்கும். ஜார்ஜின் மகள் எலிசபெத்தைக் காமன்வெல்த்தின் புதிய தலைவராக ஏற்று நேரு செய்தி அனுப்பினார். அந்தப் பதவி தானாக வாரிசுக்குப் போவதில்லை. எலிசபெத்தின் மகன் சார்லஸ் அடுத்து வருவார் என்பதைக்கூட 2018இல் உறுப்பு நாடுகளின் தலைவர்கள் கூடித்தான் முடிவு செய்தார்கள்.

தோற்ற ராஜா 1954இல் ஒரிசாவின் ஆளுநரானார், நம் குடியரசுத் தலைவர் நியமித்த ஆளுநராக. சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக்கொடுத்தவர், 1957 மார்ச் 16 அன்று மறைந்தார்.