ஈராக் போர்: டெண்டர் இல்லாத ஒப்பந்தமும் ஏறிய பில்லும்

2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்தது. அதே மாதத்தில், ஈராக்கின் எண்ணெய்க் கட்டமைப்பைச் சீரமைக்கும் ஒப்பந்தம் கே.பி.ஆர். நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. அதன் உச்சவரம்பு 700 கோடி டாலர். அவசரம் என்று காரணம் கூறி, டெண்டர் விடாமலே கொடுத்தார்கள். அந்தப் பணிக்கான முன்திட்டத்தைத் தயாரித்ததும் இதே கே.பி.ஆர்.தான். அதன் தாய் நிறுவனம் ஹாலிபர்ட்டன். அப்போது அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி, 1995 முதல் 2000 வரை ஹாலிபர்ட்டனின் தலைமை நிர்வாகியாக இருந்தவர்.

ஒப்பந்தத்தின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். நிறுவனம் செய்யும் செலவை அரசு திருப்பித் தரும். அதற்கு மேல் கட்டணமும் தரும். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் சிக்கனமாக இருக்க நிறுவனத்துக்கு என்ன அவசியம்?

ஈராக்கில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், எரிபொருள் இறக்குமதியும் இதே ஒப்பந்தத்தில் சேர்ந்தது. குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்ரோலுக்கு 6.1 கோடி டாலர் வரை கூடுதலாக வசூலிக்கப்பட்டிருக்கலாம் என்று பென்டகன் தணிக்கையாளர்கள் 2003 டிசம்பரில் தெரிவித்தனர். போர்க்களத்தில் லாரி ஓட்டும் ஆபத்தே விலை உயரக் காரணம் என்றது நிறுவனம்.

ராணுவப் பொறியாளர் படையின் ஒப்பந்தப் பிரிவு உயர் அதிகாரி பன்னட்டீன் கிரீன்ஹவுஸ், இந்த ஒப்பந்தம் ஓராண்டைத் தாண்டக் கூடாது என்று கோப்பில் தன் கையெழுத்துக்கு அருகிலேயே எழுதி வைத்தார். 2005 ஜூனில் அமெரிக்க செனட்டர்கள் முன் வெளிப்படையாகச் சாட்சியமும் அளித்தார். ஆகஸ்டில் அவர் பதவியிறக்கம் செய்யப்பட்டார்.

தணிக்கையாளர்கள் கேள்வி எழுப்பிய மொத்தத் தொகை 26.3 கோடி டாலர். ராணுவம் பிடித்தம் செய்ததோ சுமார் ஒரு கோடி டாலர் மட்டுமே. மீதியைக் கொடுக்கச் சம்மதித்த செய்தி 2006 பிப்ரவரியில் வெளியானது.

இது அமெரிக்க அரசின் பணம் மட்டுமல்ல. இந்த ஒப்பந்தத்துக்கான செலவில் பெரும்பகுதி ஈராக் வளர்ச்சி நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த நிதியில் சேர்ந்தது முக்கியமாக ஈராக்கியரின் எண்ணெய் வருமானம். 20.8 கோடி டாலர் வரை ஈராக்குக்குத் திருப்பித் தர வேண்டும் என்று, ஐ.நா. தீர்மானத்தின்படி அமைந்த கண்காணிப்பு வாரியம் 2005 நவம்பரில் பரிந்துரைத்தது. ஒப்பந்தம் எழுதியவர் அமெரிக்கர். பில் போட்டது அமெரிக்க நிறுவனம். பணம் மட்டும் ஈராக்கியருடையது.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர் ஒப்பந்தங்களில் 3,100 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை வீணாகவும் மோசடியாகவும் போனதாக அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையமே 2011 ஆகஸ்டில் மதிப்பிட்டது. போட்டியின்றி ஒப்பந்தங்கள் கொடுக்கப்பட்டதையும் அது குறை கூறியது.

டெண்டர் வெறும் சடங்கு அல்ல. இரண்டாவது நிறுவனத்தின் விலை கையில் இருந்தால்தான் முதல் நிறுவனத்தின் பில் நியாயமா என்று ஒப்பிட முடியும். அது இல்லாதபோது, பிறகு வரும் தணிக்கையாளர் சந்தேகிக்கலாம்; பணத்தை மீட்பது அரிது. போர்க்காலத்தில் "அவசரம்" என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுத்தவர்களில் அந்த மேசையில் இடமே இல்லாத ஈராக்கியரும் உண்டு.