மாத்தளைக் கற்களும் யோக மரபும்

யோகம் இந்து சமயத்தின் கொடை என்பது நம்மிடையே ஐயமின்றி வழங்கும் கூற்று. அதனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைப்பதை அறிந்த தமிழர் அங்ஙனம் உரிமை பாராட்டுதல் இயல்பே. ஆயின் மாத்தளை மாவட்டத்திலுள்ள இரு சான்றுகள் அவ்வுரிமையின் எல்லையை மீள அளக்கத் தூண்டுகின்றன.

மாத்தளை நகருக்கு வடக்கே அண்மையில் உள்ளது அளுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், வாய்மொழியாக வழங்கிய பாளித் திரிபிடகம் இங்கே ஏட்டிலேறியது என்பது மரபு. மூச்சைக் கவனித்து மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி அதில் உண்டு. அன்பு, இரக்கம், பிறர் நலங்கண்டு மகிழ்தல், சமநிலை என்னும் நான்கினை அது பிரமவிகாரம் என்னும். பிற்காலத்ததான பதஞ்சலியின் யோக சூத்திரமும் இந்நான்கினையே, இதே வரிசையில், மனத்தெளிவுக்கு வழியெனக் கூறுகின்றது. இதனைத் தற்செயல் எனத் தள்ளிவிட இயலாது. ஆசனத்துக்கோ பதஞ்சலி ஒதுக்கியவை மூன்று சூத்திரங்களே!

தம்புள்ளை செல்லும் வழியிலுள்ள நாலந்தா கெடிகே இன்னும் சுவையானது. பல்லவர் கலைப்பாங்கிலமைந்த இக்கற்றளி ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. அமைப்புத் தமிழகக் கோயிலினது, வழிபாடோ பௌத்தத்தினது, அடித்தளச் சிற்பமொன்றில் தாந்திரிகச் சாயலும் உண்டு. போவத்தென்ன நீர்த்தேக்கம் மூழ்கடிக்கவிருந்தமையால் இதனைக் கல் கல்லாகப் பிரித்து 1980ஆம் ஆண்டளவில் மேட்டில் மீளக் கட்டினர். எக்கல் எச்சமயத்தது எனப் பிரிக்க அவர்களாலும் இயன்றிராது. அடயோக முறைகளை முதன்முதல் விரித்துரைக்கும் நூல்களுள் ஒன்றான 'அமிர்தசித்தி', 11ஆம் நூற்றாண்டளவில் வச்சிரயான பௌத்தச் சூழலில் எழுந்தது என ஜேம்ஸ் மாலின்சன் ஆராய்ந்து காட்டியுள்ளமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இதனை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. பத்தமடைச் சிவானந்தரின் சீடரும் கொங்கு நாட்டவருமான சுவாமி சச்சிதானந்தர் 1953இல் இலங்கைக்கு வந்தார். அயல் மாவட்டமான கண்டியில் தபோவனம் நடத்தினார். 1966இல் அமெரிக்கா சென்று யோகாசிரியர் பலரை உருவாக்கினார். தம் வேரை அவர் மறைத்ததில்லை. எனினும் 1986இல் வர்ஜீனியாவில் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான தாமரைக் கோயிலை எழுப்பினார். பின்னர் 1999இல் தோன்றிய யோகா அலையன்ஸ் என்னும் அமைப்பின் 200 மணி நேரப் பயிற்சி உலகெங்கும் அளவுகோலாயிற்று. அதில் மெய்யியல், அறம் முதலியவற்றுக்கு உரியவை 30 மணி. அச்சிறு பொழுதில் 'இந்து' என்னும் சொல்லை நீக்கிவிடுவோரும் உளர். அச்சொல் ஒன்றையே சொல்லி அமைவோரும் உளர். இரண்டும் வரலாறாகா. மாத்தளையிலிருந்து புறப்படும் மாணவர் அளுவிகாரையையும் கெடிகேயையும் ஒரே பகலில் பார்த்துத் திரும்பலாம்.