நீதிமன்றத்திலிருந்து வகுப்பறைக்கு: நடுவயதில் ஆசிரியரானவர்கள்

ஐம்பது வயதைத் தொட்ட ஒருவர், தாம் இதுவரை செய்துவந்த தொழிலை விட்டு ஆசிரியராகப் போகிறேன் என்று சொன்னால், எமது சமூகத்தில் இரண்டு கேள்விகள் உடனே எழும். 'இந்த வயதில் இது எதற்கு?' என்பது ஒன்று. 'ஆசிரியப் பயிற்சி இல்லாதவர் எப்படிக் கற்பிப்பார்?' என்பது மற்றொன்று. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டு, இப்போது வார இறுதிகளில் இளம் ஊடக மாணவர்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கியிருக்கும் நானும் இவ்விரு கேள்விகளையும் பலமுறை கேட்டுவிட்டேன். முதலாவது கேள்வியை நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டாவதை மாணவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை; முகத்தில் காட்டுகிறார்கள்.

இவற்றுக்கு என் சொந்த அனுபவத்தைக்கொண்டு விடை சொல்வதைவிட வரலாற்றைக்கொண்டு சொல்வதே பொருத்தமானது. ஏனெனில், இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் தமிழ் ஓர் உயர்கல்விப் பாடமாக நிலைபெற்றிருக்கிறது. அதற்கு அடித்தளம் இட்டவர்களிற் பலர் வேறு தொழில்களைச் செய்துவிட்டு நடுவயதிலே வகுப்பறைக்கு வந்தவர்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் சட்டத்தரணிகள்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் தமிழ்த்துறையில் தொடக்க ஆண்டுகளில் பணியாற்றியோரின் வரிசையை எடுத்துப் பார்த்தால் வியப்பே மேலிடும். 1931 இல் அங்கே தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் எமது காரைதீவைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள். அவர் ஏற்கெனவே ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தவர்தான். ஆனால் அவர் பெற்ற பட்டம் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம்; துறவு பூண்டு ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னரே பல்கலைக்கழகத் தமிழ் வகுப்பறைக்குள் நுழைந்தார்.

அடிகள் விலகியபின் 1933 இல் அவ்விடத்துக்கு வந்தவர் ச. சோமசுந்தர பாரதியார். 1879 இல் எட்டயபுரத்திலே பிறந்த இவர், மகாகவி பாரதியாரின் இளமைக்கால நண்பர், வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் முயற்சியில் உடன் நின்றவர். தூத்துக்குடியிலும் பின்னர் மதுரையிலுமாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சட்டத்தொழில் நடத்தியவர். பேராசிரியராகியபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. இக்காலத்தில் அவ்வயதில் ஓய்வூதியக் கணக்கையே பலரும் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1934 இல், அதே துறைக்கு வந்தவர் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார். இவரது கதை இன்னும் வேறானது. மகிபாலன்பட்டியிலே பிறந்து, திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே படித்து, சிறுவயதிலேயே வணிகம் பழகுவதற்காக இலங்கைக்கு அனுப்பப்பட்டவர் அவர். ஊர் திரும்பியபின் தமிழையும் வடமொழியையும் தம் முயற்சியாலே கற்றார். 1909 இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபையை நிறுவி அதன்மூலம் தமிழ்க்கல்வியை வளர்த்தார். கல்லூரிப் படியை மாணவராக மிதித்திராத அவர் ஐம்பதைக் கடந்தபின் பல்கலைக்கழக மாணவருக்கு ஆசிரியரானார். இலங்கைக் கடையொன்றில் வணிகம் பழகிய சிறுவன் ஒருநாள் அந்த நாற்காலியில் அமர்வான் என்று எவர் எண்ணியிருப்பார்?

ரா.பி.சேதுப்பிள்ளை நெல்லையில் சட்டத்தரணியாகவும் நகரசபைத் துணைத் தலைவராகவும் இருந்துவிட்டு, 1930 இல் அண்ணாமலையில் தமிழ் விரிவுரையாளரானவர். எம்.எல். பட்டத்தினால் 'எம்.எல். பிள்ளை' என்றே அழைக்கப்பட்ட கா.சுப்பிரமணிய பிள்ளை, கல்கத்தாவில் புகழ்பெற்ற தாகூர் சட்டச் சொற்பொழிவுகளை ஆற்றியவர். சட்டக் கல்லூரிப் பேராசிரியர். அவரும் அண்ணாமலையில் தமிழ் கற்பித்தார். தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து 1944 இல், தம் நாற்பத்து மூன்றாம் வயதில், அங்கே பேராசிரியராக வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நிலைமை இதுவே. திருவனந்தபுரத்திலும் நெல்லையிலும் வழக்காடிக்கொண்டிருந்த எஸ்.வையாபுரிப்பிள்ளை 1926 இல் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். 1936 இல் அப்பல்கலைக்கழகத்தின் தமிழ் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவரானார்.

ஏன் இப்படி நேர்ந்தது? காரணம் விளங்கக்கூடியதே. அக்காலத்தில் ஆங்கிலப் பட்டம் பெற்ற இளைஞர்களுக்குச் சட்டம் வருவாயும் மதிப்பும் தந்த தொழில். தமிழ் அப்படியன்று. கல்லூரிகளில் தமிழ்ப் பண்டிதரின் சம்பளமும் தகுதியும் ஆங்கிலப் பேராசிரியருடையவற்றை விட மிகவும் தாழ்ந்திருந்தன. ஆகவே தமிழ்மீது பற்றுக்கொண்ட பட்டதாரிகள் பிழைப்புக்குச் சட்டத்தையும் மனநிறைவுக்குத் தமிழையும் வைத்துக்கொண்டனர். பகலில் வழக்குக் கட்டுகளைப் பார்த்தவர்கள் இரவில் ஏடுகளைப் படித்தனர். பல்கலைக்கழகங்கள் தமிழுக்கு உயர்ந்த பதவிகளை உருவாக்கியபோது, தமிழ்ப் புலமையும் ஆங்கிலக் கல்வியும் ஒருங்கே வாய்த்தவர்களைத் தேடவேண்டியிருந்தது. அத்தகையோர் நீதிமன்ற வளாகங்களிலேதான் அதிகம் இருந்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் எவரும் ஒருநாள் காலையில் எழுந்து ஆசிரியராகத் தீர்மானித்தவர்கள் அல்லர். சோமசுந்தர பாரதியார் சட்டத்தொழில் செய்துகொண்டிருந்தபோதே, 1913 இல், எம்.ஏ. பட்டம் பெற்றார். பதவி வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்னதாகவே அதற்கான தகுதி வந்துவிட்டது. இரண்டாவது தொழில் என்று நாம் சொல்வது உலகத்தார் கண்ணுக்குத்தான் இரண்டாவது.

அவர்கள் பழைய தொழிலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டும் வரவில்லை. அதன் பழக்கங்களைக் கையோடு கொண்டுவந்தனர். சோமசுந்தர பாரதியாரின் 'சேரர் தாயமுறை' என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். சேர நாட்டில் அரசுரிமை மகனுக்குச் சென்றதா, மருமகனுக்குச் சென்றதா என்பதே அதன் வினா. சொத்துரிமை வழக்குகளில் பழகிய ஒருவருக்கே சங்கப் பாடல்களைப் படிக்கும்போது அந்த வினா முதலில் தோன்றும். 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' என்ற நூலில், உலகமே குற்றவாளியாக்கிய ஒருத்திக்காக அவர் எதிர்வாதம் செய்கிறார். திருமணத்தின்போதே அரசு கைகேயியின் வழிக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது என்பதுதான் அவரது வாதத்தின் ஆணிவேர். முடிவை ஏற்பதும் மறுப்பதும் வாசகர் விருப்பம். ஆனால் இலக்கியத்தைப் போற்றுவதோடு நின்றுவிடாமல் விசாரிக்கவும் வேண்டும் என்ற பாடம் அதில் உண்டு.

வையாபுரிப்பிள்ளையிடம் இப்பழக்கம் இன்னும் கடுமையாக இருந்தது. ஏட்டுப் பிரதிகளைச் சாட்சிகளைப் போல ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஒரு நூலின் பழமையை அந்நூல்மீதுள்ள பற்றினால் நிறுவமுடியாது, சான்றினாலேயே நிறுவமுடியும் என்றார். தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் அவர் கணித்த காலங்கள் பலத்த எதிர்ப்பைப் பெற்றன; பின்வந்த ஆய்வாளர் பலர் அவற்றை ஏற்கவில்லை. எனினும் அவரை மறுக்க வந்தவர்களும் சான்று தேடிக்கொண்டே வரவேண்டியிருந்தது. ஓர் ஆசிரியர் மாணவருக்கு விட்டுச் செல்லக்கூடியவற்றுள் இதைவிடப் பெரியது எது?

சேதுப்பிள்ளை நகரசபையில் இருந்தபோது, மருவித் திரிந்துபோயிருந்த நெல்லைத் தெருக்களின் பெயர்களைத் திருத்தியவர். பின்னாளில் அவர் எழுதிய 'ஊரும் பேரும்' இன்றும் ஊர்ப்பெயர் ஆய்வில் தவிர்க்கமுடியாத நூல். நகரசபை வேலைக்கும் தமிழாராய்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு அந்நூலே விடை.

இந்த வரலாற்றுக்கு ஒரு நிழலும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. பட்டமும் ஆங்கிலமும் உடையவர்களுக்குத் திறந்த அக்கதவு, தலைமுறை தலைமுறையாகத் தமிழைக் காத்துவந்த மரபுவழிப் பண்டிதர்களிற் பெரும்பாலோருக்குத் திறக்கவில்லை. கதிரேசச் செட்டியார் போன்றோர் விதிவிலக்குகள். சட்டத்தரணி பேராசிரியரானார், அவருக்கு ஏட்டுத் தமிழைக் கற்பித்த பண்டிதர் பண்டிதராகவே ஓய்வுபெற்றார். வெளியிலிருந்து வருபவர் அங்கே ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருப்பவர்களை மதிக்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம். பல ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன்னே நின்றவர்களுக்குத் தெரிந்தவை எனக்குத் தெரியாது என்ற எண்ணத்துடனேயே ஒவ்வொரு வாரமும் நான் வகுப்புக்குள் நுழைகிறேன்.

எமது நாட்டுக்கும் இவர்களால் நன்மை விளைந்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது, அடுத்த ஆண்டே விபுலாநந்த அடிகள் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஊர்காவற்றுறையில் பிறந்த தனிநாயகம் அடிகள், உரோமாபுரியில் குருப்பட்டம் பெற்று, தென்பாண்டி நாட்டின் வடக்கன்குளத்தில் ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற இடத்திலேதான் தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கினார். 1945 இல், முப்பத்திரண்டு வயதில், மீண்டும் மாணவராகி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் தெ.பொ.மீ. அந்த மாணவரே பின்னர் இலங்கையிலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்து, 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெறக் காரணரானார். அதே 1966 இல்தான் தெ.பொ.மீ. அறுபத்தைந்து வயதில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். ஆசிரியரும் மாணவரும் 1980 இல் சில நாள் இடைவெளியில் மறைந்தனர்.

இன்று அப்படி ஒருவர் நுழைவது எளிதன்று. தமிழில் உயர்பட்டம் பெற்றோர் ஏராளமாக உள்ளனர். பதவிகளுக்குரிய விதிகளும் கடுமையாகிவிட்டன. அது இயல்பே, வளர்ச்சியின் அடையாளமும்கூட. ஆனால் பல்கலைக்கழகத்தில் மூடிய கதவு வேறிடங்களில் திறந்தே இருக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் ஒஸ்லோவிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோர் யார்? கணக்காளர்கள், பொறியியலாளர்கள், தாதியர், கடை நடத்துவோர், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய்மார். அவர்களிற் பெரும்பாலோர் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையின் வாசலை மிதித்தவர்கள் அல்லர். 'நாங்கள் உண்மையான ஆசிரியர்கள் இல்லையே' என்று அவர்கள் தயங்கிச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முதல் தொழிலில் பெற்ற பழக்கங்களை வீண் என்று எண்ணாதீர்கள். கணக்காளருக்குக் கூட்டல் பிழைக்காத ஒழுங்கு உண்டு. தாதிக்குப் பொறுமை உண்டு. செய்தியாளனுக்கு, கேட்டதை உறுதிப்படுத்தாமல் எழுதாத எச்சரிக்கை உண்டு. இவையெல்லாம் வகுப்பறைக்கு வேண்டியவை. ஆனால் அவை மட்டும் போதா. சோமசுந்தர பாரதியார் முதல் தெ.பொ.மீ. வரை எல்லோரும் கற்பிக்கத் தொடங்கியபின்னும் கற்பதை நிறுத்தவில்லை. வையாபுரிப்பிள்ளை அறுபதை நெருங்கிய வயதில், 1951 இல், தாம் முன்பு வழக்காடிய திருவனந்தபுரத்துக்கே மீண்டும் சென்றார். இம்முறை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக.

வயது ஒரு தடையா என்று இனி எவரேனும் கேட்டால், நான் இப்பெயர்களைச் சொல்லப்போகிறேன். தகுதி உண்டா என்ற கேள்வி வேறு. அதற்கு மாணவர்களே காலப்போக்கில் விடை சொல்வார்கள்.